மொரீஷியஸிலிருந்து கோட்பாட்டு இயற்பியலில் முதுகலை, பிஎச்டி: விண்ணப்பிக்க ஒரு முழு வழிகாட்டி

ரெதுயியில் உள்ள மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள், எச்எஸ்சி என்கிற பள்ளி இறுதித் தேர்வை முடித்துவிட்டு இந்தப் பக்கம் வரலாமா என்று யோசிப்பவர்கள், அவர்களுடைய அப்பா அம்மா, எல்லாரும் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதனால் பதிலை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். எச்எஸ்சியில் முதலிடங்களைப் பிடிப்பவர்களுக்கு அரசு தருகிற லோரியட் ஸ்காலர்ஷிப் கிடைத்து நேராக இங்கிலாந்துக்கோ பிரான்ஸுக்கோ பட்டப்படிப்புக்குப் போனவர்களுக்குப் பாதி வழி அங்கேயே திறந்துவிடும். இது இங்கேயே மூன்று வருடப் பட்டம் முடித்துவிட்டு வெளியே போக நினைப்பவர்களுக்காக.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படிவம் நிரப்புவது கடைசி வேலை. ஒரு கோட்பாட்டு இயற்பியல் துறை உங்களை எடுக்குமா என்பதைத் தீர்மானிப்பது, உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்த இரண்டு மூன்று பேர் "இந்த மாணவர் ஒரு கணக்கில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும்" என்று மனசாட்சியோடு எழுத முடியுமா என்பதுதான். நம் தீவில் கோட்பாட்டில் ஆராய்ச்சி செய்பவர்கள் மிகக் குறைவு, பட்டமோ மூன்று வருடம், அதில் அந்த நிலைக்கு வருவது கஷ்டம். ஆகவே பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது, பட்டத்துக்கும் பிஎச்டிக்கும் நடுவில் ஒரு வருடம் போடுங்கள் என்று. வருடம் வீணாகிறதே என்று வீட்டில் வருத்தப்படுவார்கள். வீணாகாது, ஏன் என்று கீழே விரிவாகச் சொல்கிறேன்.

எந்தக் கோட்பாடு?

கோட்பாட்டு இயற்பியல் என்றதும் எல்லாரும் கருந்துளை, சரக் கோட்பாடு என்றே ஆரம்பிக்கிறார்கள். தப்பில்லை, ஆனால் துறை அதைவிட அகலம். துகள் இயற்பியலில் கணிதம் சார்ந்த பக்கம் ஒன்று, பரிசோதனையோடு ஒட்டிய பக்கம் ஒன்று. அப்புறம் பொதுச் சார்பியல், அண்டவியல், திண்மப் பொருள் கோட்பாடு, புள்ளியியல் இயற்பியல், குவாண்டம் தகவல், உயிரியலுக்குள் போகிற இயற்பியல். சரக் கோட்பாட்டுக்கு இடம் குறைவு, கூட்டம் அதிகம். திண்மப் பொருள், குவாண்டம் தகவல் பக்கம் இடங்கள் கூடுதல். இதற்காக ஆசையை மாற்றிக்கொள்ளச் சொல்லவில்லை. இரண்டு மாதம் ஆர்கைவ் (arXiv) தளத்துக்குப் போய் தினமும் புதிதாக வருகிற கட்டுரைகளின் சுருக்கங்களை மட்டும் படியுங்கள். 1991-இல் ஆரம்பித்தது, எல்லாம் இலவசம், பிரிவு பிரிவாக இருக்கும். முதலில் ஒன்றும் புரியாது, பரவாயில்லை. எந்தத் தலைப்பைப் பார்த்தால் உள்ளே திறந்து பார்க்கக் கை போகிறதோ அதைக் குறித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அந்தக் குறிப்புகளைப் பார்த்தால் உங்கள் துறை எது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

ஒவ்வொரு நாட்டிலும் வழி வேறு

இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லா இடத்துக்கும் ஒரே விண்ணப்பத்தை அனுப்புகிறவர்கள்தான் அதிகம். அமெரிக்காவில் பட்டம் முடித்தவுடனேயே பிஎச்டிக்கு விண்ணப்பிக்கலாம், முதுகலை தனியாகத் தேவையில்லை. ஐந்து ஆறு வருடம் ஆகும், முதல் இரண்டு வருடம் வகுப்புகள், தகுதித் தேர்வு, அதற்குப் பிறகே ஆராய்ச்சி வேகம் பிடிக்கும். சேர்க்கையைத் தீர்மானிப்பது துறையின் குழு, ஒரு தனிப் பேராசிரியர் இல்லை. நம்முடைய மூன்று வருடப் பட்டத்தை ஏற்பார்களா என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும், அதனால் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் துறை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

இங்கிலாந்தில் பிஎச்டி மூன்று, மூன்றரை வருடம்தான், வகுப்புகள் குறைவு, ஆகவே உள்ளே வரும்போதே குவாண்டம் புலக் கோட்பாடும் பொதுச் சார்பியலும் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். அதற்காகவே சில ஒரு வருட முதுகலைகள் இருக்கின்றன: கேம்பிரிட்ஜில் பார்ட் த்ரீ, லண்டன் இம்பீரியலில் குவாண்டம் புலங்களும் அடிப்படை விசைகளும், டர்ஹமில் துகள், சரம், அண்டவியல். தரம் மிக உயர்ந்தது, செலவும் அப்படியே, உதவித்தொகை இல்லாமல் நான் யாரையும் போகச் சொல்ல மாட்டேன்.

ஐரோப்பாவின் மற்ற இடங்களில் முதுகலை முடித்த பிறகே பிஎச்டி, அதுவும் பல இடங்களில் சம்பளத்தோடு கூடிய வேலை மாதிரி. விளம்பரம் வரும், விண்ணப்பிக்க வேண்டும், நேர்காணல் நடக்கும். துகள் இயற்பியல், ஈர்ப்பு சார்ந்த இடங்களுக்கு இன்ஸ்பயர் தளத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். இத்தாலியின் டிரியஸ்டேயில் உள்ள சிஸ்ஸா நுழைவுத் தேர்வு வைத்து எடுக்கிறது, உதவித்தொகையும் தருகிறது. கடிதங்களைவிடக் கணக்கில் பலம் உள்ளவர்களுக்கு நல்ல வாய்ப்பு அது. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுகலைக்குக் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ உண்டு. உதவித்தொகை இல்லையென்றால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுப் பணம், ஏறத்தாழ 12,000 யூரோ, முடக்கப்பட்ட வங்கிக் கணக்கில் (blocked account) காட்ட வேண்டியிருக்கும். கட்டணம் இல்லை என்பதை மட்டும் கேட்டுவிட்டு இந்தத் தொகையைக் கடைசி நேரத்தில் பார்த்து அதிர்ந்துபோகிற குடும்பங்கள் உண்டு.

பிரான்ஸைப் பற்றி நம் பிள்ளைகளிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருக்கிறது. வகுப்பில் ஆங்கிலம், வீட்டில் கிரியோல், பத்திரிகையும் தொலைக்காட்சியும் பிரெஞ்சு என்று வளர்ந்துவிட்டு, விண்ணப்பிக்கும்போது ஆங்கில நாடுகளை மட்டும் பார்ப்பது வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவதுதான். பாரிஸிலும் சுற்றிலும் கோட்பாட்டு இயற்பியல் உலகத் தரத்தில் இருக்கிறது. 2019-இலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களுக்கு முதுகலைக் கட்டணத்தை உயர்த்தினார்கள், ஆனால் பல பல்கலைக்கழகங்கள் விலக்கு தருகின்றன, பிஎச்டிக்கு அந்த உயர்வே கிடையாது, பிஎச்டி அங்கே மூன்று வருட ஒப்பந்தம், மாதச் சம்பளம். ஜெனீவா, லோசான், மொன்றியால் என்று பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு அன்றாட வாழ்க்கை எளிதாகிற ஊர்கள் வேறு இருக்கின்றன. சென்னையிலோ கொழும்பிலோ உட்கார்ந்து விண்ணப்பிக்கிற மாணவருக்கு இந்த வசதி கிடையாது.

அந்த நடு வருடம்

இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நான்கு வழிகளைச் சொல்கிறேன், நான்குக்கும் விண்ணப்பிக்கலாம்.

டிரியஸ்டேயில் ஐசிடிபி என்கிற பன்னாட்டுக் கோட்பாட்டு இயற்பியல் மையம். அப்துஸ் சலாம் 1964-இல் தொடங்கினார், வளரும் நாடுகளிலிருந்து வருகிற இயற்பியலாளர்கள் தனிமைப்பட்டுப் போகக்கூடாது என்பதே நோக்கம். அங்கே ஒரு வருட டிப்ளமா இருக்கிறது: உயர் ஆற்றல் மற்றும் அண்டவியல், திண்மப் பொருள், கணிதம், இன்னும் சில பிரிவுகள். தேர்வானால் செலவை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். வகுப்புகள் கடுமை, கடைசியில் ஒரு ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். டிப்ளமா என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பட்டம் வாங்கின பிள்ளை டிப்ளமாவுக்கா போவது என்று வீட்டில் கேட்பார்கள். துறைக்குள் இருக்கிறவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும், அங்கிருந்து நல்ல பிஎச்டி இடங்களுக்குப் போனவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

இரண்டாவது, தென்னாப்பிரிக்காவின் ஏய்ம்ஸ், ஆப்பிரிக்கக் கணித அறிவியல் நிறுவனம். கேப் டவுன் பக்கத்தில் மைசன்பெர்க் கடற்கரையில் 2003-இல் ஆரம்பித்தது, தொடங்கியவர் அண்டவியலாளர் நீல் டூரோக். ஆசிரியரும் மாணவரும் ஒரே கட்டிடத்தில் தங்குகிறார்கள். உலகின் பல இடங்களிலிருந்து பேராசிரியர்கள் சில வாரங்களுக்கு வந்து பாடம் நடத்திவிட்டுப் போவார்கள், ராத்திரி பத்து மணிக்கும் கேள்வி கேட்கலாம். நான் மேலே சொன்ன கடிதப் பிரச்சினை இந்த ஒரு விஷயத்தாலேயே தீர்ந்துவிடும், ஏனென்றால் உங்களோடு ஒரே மேசையில் சாப்பிட்ட, நீங்கள் கரும்பலகை முன்னால் திணறியதையும் அடுத்த நாள் விடையோடு வந்ததையும் பார்த்த ஆள் எழுதுகிற கடிதத்துக்கு ஈடு கிடையாது. செனகல், கானா, கேமரூன், ருவாண்டாவிலும் ஏய்ம்ஸ் மையங்கள் இருக்கின்றன.

மூன்றாவது, தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஹானர்ஸ். அங்கே மூன்று வருடப் பட்டத்துக்கு மேல் ஒரு வருடம் தனியாக ஹானர்ஸ் படித்துவிட்டுத்தான் முதுகலைக்குப் போவார்கள், ஆகவே நம் பட்டத்தோடு அப்படியே பொருந்தும். மொரீஷியஸ் எஸ்ஏடிசி என்கிற தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிக் கூட்டமைப்பில் உறுப்பு நாடு, அதனால் பல பல்கலைக்கழகங்களில் உள்ளூர் மாணவருக்கான கல்விக் கட்டணமே நமக்கும். பிற வெளிநாட்டுக் கூடுதல்கள் இருக்கலாம், நிதி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கேப் டவுனில் அண்டவியல், ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் மண்டெல்ஸ்டாம் கோட்பாட்டு இயற்பியல் நிறுவனம், ஸ்டெல்லன்போஷ், டர்பனில் குவாசுலு-நட்டால் என்று தேர்வு இருக்கிறது. நிதெக்ஸ் என்கிற தேசியக் கோட்பாட்டு, கணிப்பீட்டு அறிவியல்கள் நிறுவனத்தின் உதவித்தொகை அறிவிப்புகளையும் கவனியுங்கள். அவர்களுடைய கல்வியாண்டு ஜனவரி, பிப்ரவரியில் தொடங்குகிறது, நமக்குத் தேர்வு வருடத்தின் நடுவில் முடிகிறது. இடையில் கிடைக்கிற ஆறு மாதத்தை என்ன செய்வது என்பதற்கு அடுத்த பகுதியில் பதில் இருக்கிறது.

நான்காவது கனடாவின் வாட்டர்லூவில் பெரிமீட்டர் நிறுவனம் நடத்துகிற பத்து மாத முதுகலை, பிஎஸ்ஐ என்பார்கள். பட்டம் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தினுடையது. போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பமே நல்ல பயிற்சி.

அண்டவியல் பக்கம் சாய்கிறவர்களுக்கு இன்னொன்று. எஸ்கேஏ ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தின் எட்டு ஆப்பிரிக்கக் கூட்டாளி நாடுகளில் மொரீஷியஸும் உண்டு. நம்முடைய ப்ரா தோவிலேயே ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது, இந்திய நிறுவனங்களோடு சேர்ந்து கட்டியது. தரவோடு பழகிய கோட்பாட்டாளருக்கு இன்று மதிப்பு அதிகம்.

காட்டுவதற்கு ஒரு வேலை வேண்டும்

நாம் வளர்கிற விதத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்தே டியூஷன், பழைய வினாத்தாள், மாதிரி விடை. எச்எஸ்சியில் ஏ வாங்க அது உதவும். ஆராய்ச்சியில் வினாத்தாளே கிடையாது, கேள்வியையும் நீங்கள்தான் கேட்க வேண்டும். சேர்க்கைக் குழு தேடுவது அந்தப் பழக்கத்தைத்தான். அதைக் காட்ட ஆய்வகம் வேண்டாம், ஒரு மடிக்கணினியும் பைத்தானும் பொறுமையும் போதும்.

உதாரணமாக ஒன்றை முழுதாகச் சொல்கிறேன். குவாண்டம் இயக்கவியலில் எல்லாரும் படிக்கிற சீரிசை அலைவியை எடுத்து, அதன் ஆற்றலில் இடப்பெயர்ச்சியின் நான்காம் அடுக்கை ஒரு சிறு வலிமையோடு சேருங்கள். தாழ்நிலை ஆற்றலுக்குத் தொடர் போட்டால் குணகங்கள் 1/2, 3/4, -21/8, 333/16, -30885/128 என்று வரும். முதல் மூன்றைக் கையாலேயே கணக்கிட முடியும். வலிமையை 0.1 என்று வைத்துக் கூட்டிப் பாருங்கள்: 0.5, 0.575, 0.549, 0.570, 0.545. விடையை நெருங்குவதற்குப் பதிலாக ஊசலாட்டம் பெரிதாகிக்கொண்டு போகும். இப்போது அதே கணக்கை ஐம்பதுக்கு ஐம்பது அணியாக எழுதிக் கணினியில் போட்டால் 0.5591 என்று வரும். வகுப்பில் நம்பிக்கையோடு பயன்படுத்திய தொடர் உண்மையில் ஒருங்குவதே இல்லை! ஏன்? வலிமை குறி மாறி எதிர்மறையானால் அந்தத் துகளுக்கு என்ன ஆகும் என்று யோசித்தால் காரணம் பிடிபடும். அப்படியானால் ஒருங்காத தொடரிலிருந்து சரியான விடையை எப்படி எடுப்பது என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் போரல் கூட்டல் என்று ஒரு முறை இருக்கிறது, அதையும் முயன்று பாருங்கள். இதையெல்லாம் செய்து பத்துப் பக்கம் தெளிவாக எழுதி வைத்திருக்கிற மாணவர், குவாண்டம் புலக் கோட்பாட்டின் வாசலுக்கே வந்துவிட்டார். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இதில் இல்லை, இந்தக் கட்டத்தில் யாரும் அதை எதிர்பார்ப்பதும் இல்லை.

புள்ளியியல் இயற்பியல் பிடித்தால் இருபரிமாண ஐசிங் மாதிரியைக் கணினியில் ஓட்டி, நிலைமாற்ற வெப்பநிலை ஒன்சாகர் 1944-இல் கணித்த துல்லிய விடையோடு, அதாவது இயல்பு அலகில் 2.269-ஓடு, எவ்வளவு நெருங்குகிறது, வலையின் அளவு மாறும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். சார்பியல் பிடித்தால் கருந்துளையைச் சுற்றி ஒளியின் பாதையை வரையுங்கள்.

செய்து முடித்ததை உங்கள் விரிவுரையாளரிடம் கொண்டுபோங்கள். அவர் பரிசோதனைத் துறையாக இருந்தாலும் பரவாயில்லை. வாரம் ஒருமுறை அரைமணி நேரம் தாருங்கள், நான் செய்ததைப் பலகையில் விளக்குகிறேன் என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சந்தோஷப்படுவார்கள், ஏனென்றால் மாணவர்கள் அப்படிக் கேட்பதே அபூர்வம்.

கடிதங்கள்

மூன்று வேண்டும். "என் வகுப்பில் இரண்டாவது ரேங்க், ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று வருகிற கடிதம் தீமையும் செய்யாது, நன்மையும் செய்யாது. அதில் உங்களுக்கே உரியது எதுவும் இல்லை. மேலே சொன்ன வாராந்தர அரைமணி நேரம் ஏன் முக்கியம் என்று இப்போது புரிகிறதா? ஆறு மாதம் அப்படிப் பேசிய ஒருவரால் இரண்டு பக்கம் எழுத முடியும்.

நம் ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது, பெரிய இடத்துக் கடிதம் என்றால் பலம் என்று நினைப்பது. எம்.பி.யிடமிருந்து, கோயில் சங்கத் தலைவரிடமிருந்து, மாமாவுக்குத் தெரிந்த மூத்த அதிகாரியிடமிருந்து வாங்கி வருவார்கள். அன்போடு தருகிறார்கள், ஆனால் இயற்பியல் துறைக் குழுவுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மூன்றும் உங்களுக்குப் பாடம் நடத்தியவர்கள் அல்லது உங்கள் வேலையைப் பார்த்தவர்களிடமிருந்தே வரட்டும், அவற்றில் குறைந்தது இரண்டு இயற்பியல், கணிதம் பக்கமாக இருக்கட்டும்.

கேட்கும்போது நேராகக் கேளுங்கள்: "சார், எனக்கு வலுவாக எழுத முடியும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதா?" அவர் தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரிடம் போங்கள். குறைந்தது ஒரு மாதம் முன்னால் கேளுங்கள், இடங்களும் தேதிகளும் உள்ள ஒரு பட்டியல், உங்கள் மதிப்பெண்கள், எழுதிய பத்துப் பக்கம், எஸ்ஓபி என்கிற நோக்க அறிக்கையின் வரைவு, எல்லாவற்றையும் ஒரே மின்னஞ்சலில் கொடுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும், ஆம் என்று போடுங்கள், இல்லையென்றால் படிப்பவர்கள் அந்தக் கடிதத்தை முழுதாக நம்ப மாட்டார்கள். "நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்பவரிடம் போகாதீர்கள். அது நேர்மையும் இல்லை, ஒரே நடையில் எழுதிய இரண்டு கடிதங்களை அனுபவம் உள்ளவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னும் மூன்று நாள் முன்னும் பணிவாக நினைவூட்டுங்கள். அது தொல்லை கொடுப்பதாகாது, அவர்களும் எதிர்பார்ப்பார்கள்.

எஸ்ஓபி

சிறு வயதில் மொட்டை மாடியில் நட்சத்திரம் பார்த்தேன் என்று ஆரம்பிக்காதீர்கள். படிக்கிறவர் அன்றைக்கே அதை இருபது தடவை படித்திருப்பார். முதல் பத்தியிலேயே நீங்கள் செய்த வேலைக்கு வாருங்கள். "எனக்குக் குவாண்டம் புலக் கோட்பாட்டில் மிகுந்த ஆர்வம் உண்டு" என்ற வரி எதையும் சொல்வதில்லை. "நான்காம் அடுக்கு அலைவியின் தொடரில் ஐந்தாவது உறுப்பிலேயே அளவு மறுபடி பெரிதாகத் தொடங்குவதைப் பார்த்தேன், காரணம் தேடிப் போனபோது ஊடுருவல் விளைவு வரை போக வேண்டியிருந்தது, இதே கேள்வி புலக் கோட்பாட்டில் எப்படி வருகிறது என்று படிக்க விரும்புகிறேன்" என்ற வரி, எழுதியவர் யார் என்று காட்டிவிடுகிறது.

அப்புறம் அந்தத் துறையில் இரண்டு மூன்று பேருடைய ஆராய்ச்சியைப் பற்றி, உண்மையிலேயே அவர்களுடைய கட்டுரையின் முன்னுரையையாவது படித்துவிட்டு, எழுதுங்கள். மதிப்பெண் ஒரு பருவத்தில் சரிந்திருந்தால் இரண்டு வரியில் காரணம் சொல்லிவிட்டு நகருங்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஆங்கிலத்தை யாரிடமாவது காட்டித் திருத்தலாம், ஆனால் உங்கள் குரல் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கிலாந்துக்கும் ஐரோப்பாவுக்கும் விண்ணப்பிக்கும்போது பேராசிரியருக்கு முன்கூட்டியே எழுதலாம். எட்டு பத்து வரி போதும்: யார் நீங்கள், என்ன செய்தீர்கள், அவருடைய எந்த வேலை உங்களை இழுத்தது, அடுத்த வருடம் மாணவர் எடுக்கிறாரா. "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பினால் ஒருவரும் பதில் போட மாட்டார்கள். அமெரிக்காவில் பெரும்பாலும் இது தேவையில்லை.

மதிப்பெண், தேர்வுகள்

நம்முடையது பிரிட்டிஷ் மாதிரி முறை, 70 வாங்கினால் முதல் வகுப்பு. அமெரிக்காவில் 70 என்றால் சுமார் மாணவர். நீங்களாகவே அதை நான்குக்கு இவ்வளவு என்று மாற்றிப் போடாதீர்கள். மதிப்பெண் முறை அச்சிட்ட பக்கத்தையும் சேர்த்து ஏற்றுங்கள், கடிதம் எழுதுபவரிடம் வகுப்பில் உங்கள் இடம் என்ன என்று குறிப்பிடச் சொல்லுங்கள். அமெரிக்கத் துறைகள் கேட்டுவந்த இயற்பியல் ஜிஆர்இ தேர்வு 2020-க்குப் பிறகு பல துறைகளில் கட்டாயமில்லை, சில இடங்களில் விருப்பம், சிலவற்றில் அனுப்பினாலும் பார்ப்பதில்லை. அறிமுகமில்லாத பல்கலைக்கழகத்திலிருந்து போகிற நமக்கு, விருப்பம் என்று போட்டிருக்கும் இடங்களில் நல்ல மதிப்பெண் உதவும் என்றே நினைக்கிறேன். ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், அதைக் கணக்கு வைத்து எழுதுங்கள்.

காசு

பெற்றோருக்கு இதைத் தடித்த எழுத்தில் சொல்ல ஆசை: கோட்பாட்டு இயற்பியலில் பிஎச்டிக்குக் காசு கட்டிச் சேராதீர்கள். நல்ல இடங்கள் கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் மாதாமாதம் கொடுக்கும், பதிலுக்கு நீங்கள் பாடம் எடுப்பீர்கள் அல்லது ஆராய்ச்சித் திட்டத்தில் வேலை செய்வீர்கள். இடம் தருகிறோம், நிதி இல்லை என்று வந்தால், நாகரிகமாகச் சொன்ன மறுப்பு என்று எடுத்துக்கொண்டு அடுத்த வருடம் முயலுங்கள். இதற்காக வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைக்க வேண்டாம்.

விண்ணப்பச் செலவு வேறு. அமெரிக்காவில் ஒரு இடத்துக்கு 100 டாலர் என்று வைத்தால் எட்டு இடத்துக்கு 800 டாலர், ஏறத்தாழ 36,000 மொரீஷியஸ் ரூபாய், தேர்வுக் கட்டணம் தனி. கட்டணத் தள்ளுபடி கேட்டால் பல இடங்கள் தருகின்றன, கேட்க வெட்கப்படாதீர்கள், ஆனால் கடைசி வாரத்தில் கேட்டால் நேரம் இருக்காது. ஐசிடிபி, ஏய்ம்ஸ், ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வுப் பள்ளிகள் போன்றவற்றில் பெரும்பாலும் கட்டணமே இல்லை. ஆகவே பட்டியலில் பாதி கட்டணமில்லாத இடங்களாக இருக்கட்டும். எட்டிலிருந்து பத்து இடம் போதும்: எட்டாத உயரம் இரண்டு, உங்கள் தரத்துக்கு நான்கைந்து, மீதி நடு வருடப் படிப்புகள்.

பிரிட்டிஷ் அரசின் ஷெவெனிங் உதவித்தொகை பற்றிப் பலர் கேட்கிறார்கள். அது ஒரு வருட முதுகலைக்குத்தான், பிஎச்டிக்கு இல்லை. 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். பட்டம் முடித்துச் சில வருடம் ஆசிரியராக வேலை பார்த்தவர்களுக்குப் பொருந்தும்.

தேதிகளும் புயலும்

கடைசி வருடம் ஆகஸ்டில் தொடங்கும்போதே பட்டியல் தயாராக இருக்க வேண்டும். செப்டம்பரில் ஆங்கிலத் தேர்வு, அக்டோபரில் கடிதம் கேட்பது, நவம்பரில் எஸ்ஓபி மூன்றாவது வரைவு. அமெரிக்கத் தேதிகள் டிசம்பர் தொடக்கத்திலிருந்து ஜனவரி தொடக்கம் வரை, டிசம்பர் 15 அதிகம். அங்கே கிழக்குக் கரையில் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 8.59, ஒரு ராத்திரி கூடுதலாகக் கிடைக்கிறது, ஆனால் அதை நம்பாதீர்கள். அது நமக்குப் புயல் காலம். 2024 ஜனவரியில் பெலால் புயல் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களை மிதக்கவிட்டதை எல்லாரும் பார்த்தோம். மின்சாரமும் இணையமும் போன நாளில் நியூயார்க்கில் யாரும் உங்களுக்காகத் தேதியைத் தள்ளிவைக்க மாட்டார்கள். ஐந்து நாள் முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். உதவித்தொகைக்கான கடைசித் தேதி சேர்க்கைத் தேதியைவிட முன்னாலேயே முடிந்துவிடுகிற இடங்கள் நிறைய, இரண்டையும் தனித்தனி நெடுவரிசையில் எழுதி வையுங்கள்.

நேர்காணல்

ஜனவரி முதல் மார்ச் வரை வரும், பெரும்பாலும் இணையம் வழியாக. தைப்பூசக் காவடிக்கு விரதம் இருக்கிற நாட்களோடு மோதினால் வேறு நாள் கேட்கலாம், மறுப்பதில்லை. என்ன கேட்பார்கள்? நீங்கள் எழுதிய வேலையைப் பற்றி முதலில், பிறகு அதிலிருந்து ஒரு அடி வெளியே. தொடர் ஒருங்கவில்லை என்று எழுதியிருந்தால், "அப்படியானால் முதல் சில உறுப்புகள் மட்டும் ஏன் நல்ல விடை தருகின்றன?" என்று வரும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, எப்படி யோசிப்பேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போங்கள். அவர்கள் பார்க்க விரும்புவது அதைத்தான். நம் பிள்ளைகள் பெரியவர்கள் முன்னால் அடக்கமாக மௌனமாகிவிடுவார்கள், வீட்டில் அது நல்ல பழக்கம், இங்கே அது ஒன்றும் தெரியாததாகவே தோன்றும். நண்பர் ஒருவரை உட்காரவைத்துப் பேசிப் பழகுங்கள். தாளும் பேனாவும், கேமரா முன் காட்டக்கூடிய ஒரு சிறு வெள்ளைப் பலகையும் பக்கத்தில் இருக்கட்டும்.

வீட்டில் பேசுவது

"இதைப் படித்து என்ன வேலை?" என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். பேராசிரியர் வேலை கிடைப்பது கடினம், கோட்பாட்டில் பிஎச்டி முடித்தவர்களில் பெரும் பகுதி வேறு துறைகளுக்குப் போகிறார்கள், தரவு, நிதி, மென்பொருள், கற்பித்தல். அங்கே அவர்கள் நன்றாகவே இருக்கிறார்கள், ஆனால் முதலிலேயே தெரிந்துகொண்டு போவது வேறு, ஆறு வருடம் கழித்துத் தெரிந்துகொள்வது வேறு. மாதச் சம்பளம் எவ்வளவு, மருத்துவக் காப்பீடு உண்டா, எத்தனை வருடத்துக்கு நிதி உறுதி என்று ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் காட்டினால் பாதி பயம் போய்விடும். பெண் பிள்ளைகளை அனுப்பத் தயங்கும் வீடுகளில், அதே ஊரில் ஏற்கெனவே படிக்கிற ஒரு மாணவியோடு அம்மாவைப் பேச வையுங்கள், என் அனுபவத்தில் அதைவிட நன்றாக வேலை செய்கிற வழி வேறில்லை.

இடம் வந்த பிறகு

அமெரிக்காவில் நிதியோடு வந்த அழைப்புக்கு ஏப்ரல் 15 வரை பதில் சொல்லாமல் இருக்கலாம், அதற்கு முன் அவசரப்படுத்தக்கூடாது என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஐரோப்பாவில் அப்படி இல்லை, இரண்டு வாரம்தான் தருவார்கள், சில நேரம் அதைவிடக் குறைவு. இரண்டும் மோதினால் கூடுதல் நேரம் கேளுங்கள். தீர்மானிக்கும் முன் அந்தக் குழுவின் இப்போதைய மாணவர்கள் இரண்டு பேரிடம் தனியாகப் பேசுங்கள்: வழிகாட்டி வாரம் எத்தனை தடவை பார்க்கிறார், கோட்பாட்டு மாணவர்கள் எத்தனை பருவம் பாடம் எடுக்க வேண்டியிருக்கிறது, கோடையில் சம்பளம் வருகிறதா, முடித்தவர்கள் எங்கே போனார்கள். பெரிய பெயர் கொண்ட, மாணவரைப் பார்க்க நேரமில்லாத வழிகாட்டியைவிட, வாரம் ஒரு மணி நேரம் உட்காருகிற இளம் ஆசிரியர் பல சமயம் நல்ல தேர்வு.

எல்லா இடத்திலிருந்தும் மறுப்பு வந்தால், நடு வருடப் படிப்புகளின் தேதிகளைத் திரும்பப் பாருங்கள். தென்னாப்பிரிக்க ஹானர்ஸுக்கான விண்ணப்பங்கள் வருடத்தின் பிற்பாதியில் திறந்திருக்கும் இடங்கள் உண்டு, ஏப்ரலில் மறுப்பு வந்தாலும் அந்த வருடமே அடுத்த வேலையைத் தொடங்கிவிடலாம்.

விசாவுக்கு, அமெரிக்கா என்றால் பல்கலைக்கழகம் ஐ-20 என்கிற சேர்க்கைப் படிவத்தை அனுப்பியதும் எஃப்-1 விசா மாணவர்களுக்கான 350 டாலர் செவிஸ் (மாணவர் பதிவு) கட்டணத்தைக் கட்டிவிட்டுப் போர்ட் லூயிஸ் தூதரகத்தில் நேர்காணலுக்கு நாள் எடுங்கள். பிறப்புச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயரின் எழுத்துக்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். நம்முடைய தமிழ்ப் பெயர்களைப் பிரெஞ்சு உச்சரிப்பில் ஒரு இடத்திலும் ஆங்கில உச்சரிப்பில் இன்னொரு இடத்திலும் எழுதி வைத்திருப்பார்கள், அதைத் திருத்த வாரக்கணக்கில் ஆகும், ஜூலையில் ஆரம்பித்தால் ஆகஸ்ட் விமானத்தைப் பிடிக்க முடியாது.